பிரசவ வலிக்கு எபிடியூரல்: எந்த முறை யாருக்கு?

கேள்வி: எனக்கு இது முதல் பிரசவம். எபிடியூரல் மருந்தைத் தொடர்ச்சியாகவும் கொடுக்கலாம், இடைவெளி விட்டும் கொடுக்கலாம் என்கிறார்கள். எது நல்லது?

பதில்: இரண்டிலும் தண்டுவட உறைக்கு வெளியே வைக்கப்படும் மெல்லிய குழாய் வழியாகத்தான் மருந்து செல்கிறது. தொடர்ந்து சொட்டுச்சொட்டாகப் போகும் மருந்து குழாய் முனையருகிலேயே தங்கிவிடக்கூடும். குறித்த நேரத்துக்கு ஒருமுறை பம்பு மொத்தமாகச் செலுத்தினால் அது நன்கு பரவுவதால், குறைந்த மருந்திலேயே வலி அடங்குகிறது, கால்களும் அதிகம் மரத்துப்போவதில்லை. வலி மீறினால் நீங்களே அழுத்திக்கொள்ளும் பொத்தானும் அதனுடன் இருந்தால் அதையே நான் பரிந்துரைப்பேன். அந்த வகைப் பம்பு இல்லாவிட்டாலும் மனம் தளர வேண்டாம்; செலுத்தும் முறையைவிட மருந்தின் செறிவே முக்கியம். 2001-இல் பிரிட்டனில் வெளியான பெரிய ஆய்வொன்றில், மரத்துப்போகச் செய்யும் புபிவகைன் என்ற மருந்தை 0.25 சதவீதச் செறிவில் பெற்ற தாய்மாரில் சுமார் 35 சதவீதத்தினருக்கே கருவியின் உதவியில்லாத இயல்பான பிரசவம் நிகழ்ந்தது, அதே மருந்தை 0.1 சதவீதச் செறிவில், ஃபென்டனில் என்ற வலிநிவாரணியும் சிறிது சேர்த்துப் பெற்றவர்களிடம் அது சுமார் 43 சதவீதமாக இருந்தது. ஆகவே, "எவ்வளவு செறிவில் கொடுப்பீர்கள்?" என்று மயக்கவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

கேள்வி: என் மகள் ஊசியே வேண்டாம் என்கிறாள். கருப்பை வாய் 8 சென்டிமீட்டர் திறந்த பிறகு மனம் மாறினால் காலம் கடந்துவிடுமா அம்மா?

பதில்: பெரும்பாலும் இல்லை; ஊசி போடும் சில நிமிடங்கள் அவர் அசையாமல் இருக்க முடிய வேண்டும், அவ்வளவுதான். அந்த நிலையில் தண்டுவட நீருக்குள் சிறிதளவு மருந்தைச் செலுத்திவிட்டு, எபிடியூரல் குழாயையும் வைக்கும் கூட்டு முறை பெரிதும் உதவும். எபிடியூரல் மட்டும் என்றால் வலி அடங்க 15 முதல் 20 நிமிடங்கள் ஆகும். கூட்டு முறையில் ஐந்து நிமிடங்களுக்குள் தெரியும். ஆனால் உடலில் அரிப்பு கூடுதலாக வரும், சில வேளைகளில் குழந்தையின் இதயத்துடிப்பும் சற்று நேரம் குறையும் என்பதால் உன்னிப்பான கண்காணிப்பு தேவை. மேலும், முதல் மருந்தின் வேகம் தணியும்வரை குழாய் சரியாக வேலை செய்கிறதா என்பதை உறுதிசெய்ய இயலாது. அவசர சிசேரியனுக்கு வாய்ப்புள்ள தாய்க்கு நான் எபிடியூரலை மட்டுமே தேர்ந்தெடுப்பதற்கு அதுவே காரணம்.

கேள்வி: இதனால் சிசேரியனும் தீராத முதுகுவலியும் வருமா? மனைவி பயப்படுகிறார்.

பதில்: இரண்டுமே வராது என்று அவரிடம் உறுதியாகச் சொல்லுங்கள். முக்கிப் பெறும் கட்டம் சற்று நீளலாம். ஏறத்தாழ நூறில் ஒருவருக்கு ஊசி தண்டுவட உறையைத் துளைத்து, எழுந்து உட்கார்ந்தால் கடுமையாகும் தலைவலி வருவதுண்டு; அதற்குச் சிகிச்சை இருக்கிறது, பொறுத்துக்கொண்டிருக்காமல் உடனே தெரிவிக்க வேண்டும். இரத்தத் தட்டணுக்கள் மிகக் குறைவாக இருந்தாலோ, இரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டுக்கொண்டு வந்தாலோ, அதைப் பிரசவ அறைக்குப் போகும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.