ஒரு கையில் போத்தல், மற்றக் கையில் பொத்தான்

அக்காவுக்கு வணக்கம்.

ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். மகனுக்கு இரண்டு வயதும் மூன்று மாதமும். பிரச்சினை பால்போத்தல்தான். பகலில் ஒன்று, படுக்கும்போது ஒன்று, நடுச்சாமம் இரண்டு மணிக்கு ஒன்று, விடிய ஒன்று, எல்லாம் 240 மில்லிலீற்றர் போத்தல். சோறு இரண்டு வாய் வாங்கிவிட்டு முகத்தைத் திருப்பிவிடுவார். போன மாதம் கிளினிக்கில் நிறை பார்க்கும்போது குடும்பநல மிஸ் அவருடைய மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, முன்பல்லில் முரசுக்குக் கிட்ட வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது, இரவுப் போத்தலை நிற்பாட்டுங்கோ அம்மா என்று சொன்னா.

எட்டு மாதத்தில் நான் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகத் தொடங்கினேன், அன்றைக்குத் தொடங்கிய போத்தல் இது. விடிய ஐந்தரைக்கு பஸ் வரும், வீட்டுக்கு வர இருட்டிவிடும். கணவர் மேசன், வவுனியாப் பக்கம் தங்கி நின்று வேலை செய்கிறார், ஞாயிறு மட்டும் வருவார். பிள்ளையைப் பார்ப்பது என் அம்மா.

இரவில் பாயில் படுத்ததும் ஒரு கையால் போத்தலைப் பிடித்துக்கொள்வார், மற்றக் கை என் நைட்டியின் மேல் பொத்தானைத் தேடி வரும், அதைத் திருகித் திருகியே குடிப்பார், திருகல் மெதுவாகி நின்றால் நித்திரை என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் சூப்பியை மெல்ல இழுத்தால் கண் திறக்காமலே வாய் அதைத் தேடும். நான் நாலு மணிக்கு எழும்ப வேண்டும், அதனால் பல நாள் அப்படியே வாயில் விட்டுவிட்டு நானும் நித்திரையாகிப் போவேன்.

இரண்டு கிழமைக்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு போத்தலை ஒளித்து வைத்தேன். ஒன்றரை மணித்தியாலம் அழுதார், கடைசியில் சத்தி எடுத்தார். பக்கத்து வீட்டு அக்காவும் ரோச் லைற் அடித்துக்கொண்டு வந்து பிள்ளைக்கு என்ன என்று கேட்டா. அம்மா ஒரு சொல்லும் சொல்லாமல் எழும்பிப் போய், இரண்டு கரண்டி சீனியும் போட்டுப் பால் கரைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டா. அடுத்த நாள் அவவே ஒரு வழி கண்டுபிடித்து, "போத்தலைக் குரங்கு தூக்கிக்கொண்டு போட்டுது" என்று பிள்ளைக்குச் சொன்னா. எங்கள் பக்கம் குரங்குத் தொல்லை தெரியும்தானே, தகரத்தின் மேல் குதிக்காத நாள் இல்லை. இப்போது தகரத்தில் ஒரு மட்டை விழுந்தாலும் பிள்ளை ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார், போத்தலும் விட்டபாடில்லை.

அம்மாவைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 2009 இல், கடைசி யுத்த நேரம், என் தம்பி கைக்குழந்தை. பொக்கணையில் பால்மாவுக்கு அம்மா வரிசையில் நின்றிருக்கிறா, கிடைக்காத நாளில் வெறுந்தேத்தண்ணிதான் பருக்கினா. எனக்கு அப்போது பத்து வயது, அவன் அழுத சத்தம் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. இப்போது நான் போத்தலைப் பற்றி வாய் திறந்தாலே, "பால் இருக்கேக்க ஏன் பிள்ளையைப் பட்டினி போடுறாய்" என்று கேட்கிறா. என்னிடம் பதில் இல்லை. பகல் முழுக்க விட்டுவிட்டுப் போகிற நான் இரவிலும் அழவைத்தால் பிள்ளை என்னை வெறுத்துவிடுவாரோ என்று பயமாகவும் இருக்கிறது. என்ன செய்ய அக்கா?

ஒரு தாய், முல்லைத்தீவு மாவட்டம்

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது அந்தப் பொத்தான் வரியைத்தான். பிள்ளையின் ஒரு கையில் பால் இருக்கிறது, மற்றக் கையில் நீங்கள் இருக்கிறீர்கள். அவர் நித்திரையானதை நீங்கள் கண்டுபிடிப்பதும் பொத்தான் திருகல் நிற்பதை வைத்துத்தானே? நாங்கள் எடுக்கப்போவது ஒரு கையில் இருப்பதை மட்டும். மற்றக் கையில் இருப்பதை முன்பைவிடத் தாராளமாகக் கொடுக்கப்போகிறோம். அதனால் வெறுத்துவிடுவாரோ என்ற பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். பிள்ளை அழுவார், கோபத்தில் அடிக்கவும் கூடும், ஆனால் தாயின் கழுத்தடியில் கிடந்து அழுகிற பிள்ளை கைவிடப்பட்ட பிள்ளை ஆகாது.

இப்போது அம்மம்மாவைப் பற்றிப் பேசுவோம். உங்கள் வீட்டில் போத்தல் நிற்காததற்குக் காரணம் பிள்ளையின் பிடிவாதம் என்று எனக்குத் தோன்றவில்லை. பொக்கணையில் பால்மா வரிசையில் நின்ற ஒரு தாய்க்குப் பிள்ளை பாலுக்கு அழுகிற சத்தம் என்ன செய்யும் என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்தச் சனிக்கிழமை இரவு அவ ஒன்றும் பேசாமல் எழும்பிப் போனா என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்களை எதிர்க்கிற வேலையே இல்லை, தங்கச்சி. அவவுடைய காதில் அழுதது பேரன் மட்டும் இல்லை, அந்தத் தம்பியும்தான். பழைய ஆபத்து போய்விட்டது என்று அறிவுக்குத் தெரிந்தாலும் அதே மாதிரி ஒரு சத்தம் கேட்டவுடன் உடம்பு முந்திக்கொண்டு எழும்பிவிடும், பெரிய பயத்தைக் கடந்து வந்த எவருக்கும் இது நடக்கும். உங்களுக்கும் அந்தச் சத்தம் ஞாபகம் இருக்கிறது என்கிறீர்களே, அன்றைக்கு உங்கள் கை தளர்ந்ததற்கும் அதில் பங்கு இருக்கலாம்.

ஆகவே அவவோடு வாதாட வேண்டாம். ஒரு ஞாயிறு பின்னேரம், கணவரும் வீட்டில் நிற்கும்போது பிள்ளையை அவரிடம் கொடுத்துவிட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருங்கள். தம்பிக்கு அந்த நாளில் என்னென்ன கொடுத்தீங்கள், எப்படிக் காப்பாத்தினீங்கள் என்று கேளுங்கள், சொல்ல விரும்பினால் கேட்டுக்கொண்டே இருங்கள், விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு போத்தல் கதையை எடுக்கலாம். பட்டினி போடுறாய் என்று அவ கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் ஒன்று இருக்கிறது: பிள்ளை சாப்பிடாமல் இருப்பதே இந்தப் பாலால்தான். நாலு போத்தல் என்றால் 960 மில்லிலீற்றர். இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு இரண்டு கப், அதாவது 500 மில்லிலீற்றர் அளவு பால் போதும். வயிறு பாலால் நிறைந்திருந்தால் சோற்றுக்கு எங்கே இடம்? பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, மற்றச் சாப்பாட்டில் இருந்து வருகிற இரும்பை உடம்பு எடுப்பதையும் அது குறைக்கும், அதனால் கொழுகொழு என்று இருக்கிற பிள்ளைக்கும் இரத்தச்சோகை வரும். "அம்மா, அவருக்கு வயிறு நிரம்பச் சாப்பாடு கொடுக்கிற பொறுப்பு உங்களுடையது" என்று அவவிடமே கொடுத்துவிடுங்கள். முள் எடுத்த குளத்து மீன், முட்டை, பயறு, முருங்கை இலை போட்ட கஞ்சி, இதையெல்லாம் ஊட்ட அவவைவிட ஆர் இருக்கிறார்கள்? பிள்ளை நிறையச் சாப்பிடுவதை அவ கண்ணால் கண்டால், இரவில் எழும்பி ஓடுகிற கால் தானாகத் தரிக்கும். அவவுக்கு இரவில் நித்திரை குறைவு, பழையது கனவில் வருகிறது, திடீரென்று நெஞ்சு படபடக்கிறது என்றால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்தும் பேசலாம்.

பல்லைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நித்திரையில் உமிழ்நீர் குறைந்துவிடும், வாயில் தேங்குகிற பால் கழுவப்படாமல் முன்பல்லைச் சுற்றியே நிற்கும், சீனியும் சேர்ந்தால் இன்னும் மோசம் (பனங்கட்டி என்றாலும் பல்லுக்கு அது சீனிதான்). வெள்ளைக் கோடு ஆரம்பம், இப்போதே நிறுத்தினால் அது மேலே போகாமல் தடுக்கலாம், மண்ணிறமாகியிருந்தால் பல் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். பால்பல்தானே, விழுந்து முளைக்கும் என்று யாராவது சொன்னால், கடைவாய்ப் பால்பல் விழப் பத்துப் பன்னிரண்டு வயது ஆகும் என்று சொல்லுங்கள். அரிசி மணி அளவு புளோரைட் பற்பசை வைத்துத் தினமும் இரவில் நீங்களே தீட்டிவிடுங்கள்.

சரி, எப்படி நிறுத்துவது? திடீரென்று ஒளித்தது சரிவரவில்லை, அதுவும் ஒன்றரை மணித்தியாலம் அழுத பிறகு கிடைத்ததால், இவ்வளவு நேரம் அழுதால் வரும் என்று பிள்ளை படித்துக்கொண்டார். அது அவருடைய குற்றமும் இல்லை, உங்களுடையதும் இல்லை. இந்த முறை மெதுவாகப் போவோம். முதல் கிழமை பகல் போத்தலையும் விடியல் போத்தலையும் மட்டும் கப்புக்கு மாற்றுங்கள், கப்பை அவரே கடையில் தெரிவு செய்யட்டும், முதல் நாட்களில் பாதி நிலத்தில் ஊற்றினாலும் பரவாயில்லை. அதோடு இரவுப் பாலைப் பாயில் இருந்து குசினிக்குக் கொண்டுபோங்கள். ஏழு மணியளவில் அம்மம்மா சாப்பாடு ஊட்டிய கையோடு கப்பில் பால், பிறகு பல் தீட்டல், அதற்குப் பிறகுதான் பாய். முக்கியமான மாற்றமே இதுதான். பாலுக்கும் நித்திரைக்கும் நடுவில் ஒரு வேலை வந்துவிட்டால் முடிச்சு பாதி அவிழ்ந்துவிடும்.

பாயில் கேட்கிற போத்தலை உடனே மறுக்க வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுங்கள், சீனி முதல் நாளே நிற்கட்டும், சாமப் போத்தலுக்கும் இதே மாதிரி. இரண்டு கிழமையில் அது வெறும் தண்ணீர் ஆகிவிடும், பல பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தலைத் தாங்களாகவே தள்ளிவிடுவார்கள். (ஒரு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பாலைத் தண்ணியாக்கிக் கொடுக்கவே கூடாது, இதை வாசிக்கிற மற்றத் தாய்மார் கவனியுங்கள்.) அவர் தள்ளாவிட்டால் ஒரு சனிக்கிழமை பகல் வெளிச்சத்தில் அவரோடு சேர்ந்து போத்தலைக் கழுவித் துடைத்து மேலே எடுத்து வைத்துவிட்டு, இனி இரவில் பால் இல்லை, அம்மா இருப்பேன் என்று சொல்லுங்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு விளங்காது என்று நினைக்க வேண்டாம், நிறைய விளங்கும். அன்றைக்கும் அடுத்த இரண்டு மூன்று இரவும் கடினமாக இருக்கும். அழும்போது பக்கத்திலேயே படுங்கள், முதுகைத் தடவுங்கள், ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கூடுதலாக அழுது சத்தி எடுத்தால் பதறாமல் துடைத்து, உடுப்பு மாற்றி, ஒரு வாய் தண்ணீர் கொடுத்துத் திரும்பப் படுக்கவையுங்கள், பால் வேண்டாம். காய்ச்சல் இருந்தாலோ சத்தி நிற்காவிட்டாலோ அது வேறு விசயம், வைத்தியரிடம் போக வேண்டும். அவருக்குச் சுகமில்லாத கிழமையில் இதைத் தொடங்கவே வேண்டாம். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

குரங்குக் கதையை இந்தக் கிழமையே திருத்துங்கள், போத்தலுக்குக் காத்திருக்க வேண்டாம். அம்மம்மா அவரைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னா, போத்தலை மறக்கவைக்கச் சூப்பியில் வேப்பெண்ணெய் பூசாமல் விட்டாவே, அதுவே நல்லது. ஆனால் பிள்ளையின் கணக்கில், இரவில் வந்து தன்னுடைய பொருளைத் தூக்கிக்கொண்டு போகிற ஒன்று கூரைக்கு மேலே இருக்கிறது, நாளைக்கு அது அம்மாவையும் தூக்காது என்று என்ன நிச்சயம்? பகலில் அவரைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நின்று, அம்மம்மாவும் பக்கத்தில் நிற்க, குரங்கு வாழைப்பழம்தான் எடுக்கும், போத்தலை எடுக்கேல்லை, அது வீட்டுக்குள்ளேதான் இருக்கு என்று போத்தலைக் காட்டியே சொல்லுங்கள். இரவில் தகரம் சத்தம் போட்டால், மட்டை விழுந்தது என்று பெயர் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் விடிய நாலு மணிக்கு எழும்பிப் போன பிறகும் அந்தக் கைக்குப் பிடிக்க ஒன்று வேண்டும். டொனால்ட் வினிகொட் என்ற பிரித்தானியக் குழந்தை மருத்துவர், அவர் உளப்பகுப்பாய்வாளரும்கூட, 1950களில் இதைப் பற்றி எழுதினார்: தாய் பக்கத்தில் இல்லாத நேரத்தைக் கடக்கப் பிள்ளைகள் ஒரு துணியையோ பொம்மையையோ தாங்களே தெரிவு செய்து பிடித்துக்கொள்கிறார்கள், அதைப் பறிக்கக் கூடாது என்றார். உங்கள் மகன் ஏற்கெனவே தெரிவு செய்துவிட்டார். உங்கள் பழைய நைட்டி ஒன்றில் கைக்குட்டை அளவுத் துண்டு வெட்டி, இரண்டு மூன்று இரவு நீங்களே போட்டுப் படுத்து உங்கள் மணம் ஏறிய பிறகு அவர் கையில் கொடுங்கள், அதில் பொத்தான் வேண்டாம், கழன்றால் விழுங்கிவிடுவார், பொத்தான் இருந்த இடத்தில் ஒரு பெரிய துணி முடிச்சுப் போட்டுவிடுங்கள். நீங்கள் உடுத்துகிற நைட்டியின் பொத்தானையும் இழுத்துப் பார்த்து, நூல் தளர்ந்திருந்தால் அந்தச் சனிக்கிழமைக்கு முன்னமே இறுக்கித் தைத்துவிடுங்கள், அந்த நாலு இரவும் அவர் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் திருகுவார்.

அன்புடன்,
அக்கா