வயலுக்குள் எந்தக் கோடு முதலில்?

அன்புள்ள அக்கா,

ஒரு செயலியை வைத்துச் சீனம் கற்று வருகிறேன். வயலைக் குறிக்கும் ‘தியென்’ எழுத்தை எழுதினால், வடிவம் அச்சு அசலாக இருந்தாலும் வரிசை தவறு என்று சிவப்பில் காட்டுகிறது. ஜப்பானிய மொழி படிக்கும் என் தோழி நான் எழுதும் வரிசையில்தான் எழுதுகிறாள், அவள் புத்தகத்தில் அதுதான் சரி. எழுதி முடித்த பிறகு எந்தக் கோடு முதலில் போட்டது என்று யாருக்குத் தெரியப்போகிறது? ஏன் இவ்வளவு கண்டிப்பு?

கே.

அன்புள்ள கே,

உங்கள் தோழியின் புத்தகமும் சரி, உங்கள் செயலியும் சரி. தியென் என்பது ஒரு சதுரம், உள்ளே ஒரு கூட்டல் குறி, மொத்தம் ஐந்து கோடு. இடப்பக்கக் கோடு முதலில், அடுத்து மேற்பக்கமும் வலப்பக்கமும் பேனாவை எடுக்காமல் ஒரே மடிப்பாக, இதுவரை இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். அப்புறம்தான் பிரிகிறது. சீனாவில் உள்ளே படுக்கைக்கோடு, பிறகு நெட்டுக்கோடு, கடைசியில் அடிக்கோடு. ஜப்பானில் நெட்டுக்கோடு முதலில், பிறகு இரண்டு படுக்கைக்கோடுகளும் மேலிருந்து கீழாக. அடிக்கோடு கடைசி என்பதில் மட்டும் இருவருக்கும் சண்டையில்லை. முதலில் வீட்டுக்குள் போ, பிறகு கதவைச் சாத்து என்றுதான் சீனக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஜப்பானியக் கல்வி அமைச்சகம் 1958இல் 881 எழுத்துகளுக்கு வரிசை காட்டும் கையேடு ஒன்றை வெளியிட்டது. இதில் இல்லாத வரிசைகளைத் தவறு என்று சொல்லவில்லை என அந்தக் கையேடே சொல்கிறது, எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது. சீனா 1997இல் 7000 எழுத்துகளுக்கு வரிசையை நிர்ணயித்தது, 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய தரத்தில் 8105 எழுத்துகள். தைவானுக்குத் தனியாக ஒன்று இருக்கிறது. ஆகவே உலகத்துக்கே பொதுவான ஒரே வரிசை என்று எதுவும் கிடையாது.

அப்படியென்றால் எப்படியும் எழுதலாமா என்றால், கூடாது என்றுதான் சொல்வேன். ஒரே உச்சரிப்பில் பல எழுத்துகள் இருப்பதால் சீனர்கள் பேச்சுக்கு நடுவே ‘எந்த எழுத்து?’ என்று கேட்டுக்கொள்வதும், மற்றவர் விரலால் உள்ளங்கையிலோ காற்றிலோ எழுதிக் காட்டுவதும் சாதாரணமாக நடக்கும். அங்கே மை இல்லை, காகிதம் இல்லை, எழுதி முடித்ததும் பார்க்க எதுவும் மிஞ்சாது. விரல் போன பாதையை மட்டும் பார்த்து எதிரில் இருப்பவர் எழுத்தைப் பிடித்துக்கொள்கிறார், இருவர் மனதிலும் ஒரே பாதை இருப்பதால்தான் அது முடிகிறது. வேகமாக எழுதிய துண்டுச்சீட்டும் அப்படித்தான்: பேனா தூக்கப்படாமல் ஒரு கோட்டின் முடிவு அடுத்த கோட்டின் தொடக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும், வரிசை மாறினால் ஒட்டும் இடமும் மாறி வேறு ஏதோ உருவமாகத் தெரியும். (ஓட்டமான கையெழுத்தில் சில எழுத்துகளுக்குச் சீனாவிலேயே வரிசை மாறும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இப்போது குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

கைபேசியில் கோடுகளை வைத்துத் தட்டச்சு செய்யும் முறையும் உண்டு. படுக்கை, நெட்டு, இடப்பக்கம் சாய்வது, புள்ளி, மடிப்பு என்று ஐந்தே பொத்தான்கள். தியென் வேண்டுமென்றால் நெட்டு, மடிப்பு, படுக்கை, நெட்டு, படுக்கை என்று அழுத்த வேண்டும். முதியவர்கள் பலர் இன்றும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

நீங்கள் படிப்பது சீனம், அதனால் சீன வரிசையையே பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் விதிகளை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு எழுத்துகளை விட்டுவிடாதீர்கள். ‘தண்ணீர்’ எழுத்தில் நடுக்கோடு முதலில், பக்கங்கள் பிறகு என்று கற்றுக்கொண்ட கையோடு ‘நெருப்பு’க்குப் போனால், அங்கே பக்கத்துப் புள்ளிகள் இரண்டும்தான் முதலில் வரும். இதையெல்லாம் கைதான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், அதற்குக் கட்டம் போட்ட நோட்டில் பேனாவால் எழுதுவதுதான் வழி, திரையில் விரலால் தேய்ப்பது போதாது.

தோழியைப் பார்க்கும்போது ‘இடது’, ‘வலது’ இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். சீனாவில் இரண்டுக்கும் படுக்கைக்கோடுதான் முதலில். அவள் ‘இடது’க்கு உங்களைப்போலவே தொடங்கிவிட்டு, ‘வலது’க்குச் சாய்ந்த கோட்டை முதலில் போடுவாள். அவளைத் திருத்திவிடாதீர்கள்.