பழைய பிராசசரில் விண்டோஸ் 11: எது ஓடும், எது ஓடவே ஓடாது?

கேள்வி: அண்ணா, என் லேப்டாப்பில் இருப்பது ஐ5-6200யூ, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. 'இந்த பிராசசருக்கு விண்டோஸ் 11 கிடையாது' என்று வருகிறது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

பதில்: வேண்டவே வேண்டாம் தம்பி. மைக்ரோசாஃப்ட்டின் பட்டியல் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை இன்டெலிலிருந்து தொடங்குகிறது. உங்களுடையது ஆறாம் தலைமுறை, பட்டியலில் பெயர் இல்லை, அவ்வளவுதான். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் பென்டிரைவ் தயார் செய்யும்போது டிபிஎம் (பாதுகாப்புச் சிப்) சோதனையை நீக்கச் சொல்லி டிக் போடுங்கள். அதிலிருந்து பூட் செய்து புதிதாகப் போட்டால் ஏறிவிடும். முதலில் ஃபோட்டோக்களை பேக்கப் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: அதே வழியில் கோர் 2 டுவோ இ8400-இல் முதலில் வந்த விண்டோஸ் 11 நன்றாக ஓடியது சார். 2024-இல் வந்த 24எச்2 பதிப்பைப் போட்டால் பூட்டே ஆகவில்லை, ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கிறது. ரிஜிஸ்ட்ரியில் எதை மாற்ற வேண்டும்?

பதில்: எதை மாற்றியும் பயனில்லை. முந்தைய கேள்வியில் தடுத்தது வாசலில் நிற்கும் காவலாளி, அவரை ஏமாற்றலாம். இங்கே சிலிக்கானிலேயே ஒரு வேலை இல்லை. பாப்கவுன்ட் என்றொரு கட்டளை: ஓர் எண்ணை இருமத்தில் எழுதினால் எத்தனை 1 என்று எண்ணிச் சொல்லும். 13 என்றால் 1101, விடை 3. 24எச்2-இன் கெர்னல், அதாவது விண்டோஸின் மையப் பகுதி, இதையும் எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைத் தொகுப்பையும் நேரடியாகக் கூப்பிடுகிறது. இ8400-இல் எஸ்எஸ்இ 4.1 வரைதான் உண்டு. தெரியாத கட்டளை வந்ததும் பிராசசர் கையை விரித்துவிடும். 2008 கடைசியில் வந்த முதல் கோர் ஐ7-லேயே இரண்டும் வந்துவிட்டன. ஏஎம்டி ஃபினாம் 2 கதை பரிதாபம்: பாப்கவுன்ட் உண்டு, எஸ்எஸ்இ 4.2 இல்லை, அதனால் அதுவும் அவுட். சந்தேகம் இருந்தால் பிராசசர் விவரம் காட்டும் சிபியூ-இசட் மென்பொருளைத் திறந்து இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் வரியைப் பாருங்கள். உங்கள் மெஷினுக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போடுங்கள், எஸ்எஸ்டி இருந்தால் இன்னும் உழைக்கும்.

கேள்வி: ஐ5-8250யூ பட்டியலில் இருக்கிறதே, எனக்கும் 'டிபிஎம் இல்லை' என்கிறதே?

பதில்: பெரும்பாலும் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) அணைந்திருக்கும். பிடிடி என்ற பெயரில் தேடி இயக்குங்கள். ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம்.

கேள்வி: ஆறாம் தலைமுறையில் போட்டுவிட்டேன். விண்டோஸ் செக்யூரிட்டியில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டி பாதுகாப்பை ஆன் செய்தால் மந்தமாகிறது.

பதில்: ஆகும். அந்தப் பாதுகாப்புக்கு உதவும் எம்பெக் வசதி இன்டெலில் ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. உங்களுடையதில் அந்த வேலையை மென்பொருளே செய்கிறது. கண்ட சைட்டிலிருந்து கிராக் இறக்கும் பழக்கம் உண்டென்றால் மந்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அணைத்துக்கொள்வது உங்கள் இஷ்டம்.

கேள்வி: அப்டேட் வருமா?

பதில்: வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. என் வீட்டு ஆறாம் தலைமுறை மெஷினுக்கு மாதாந்திர அப்டேட் ஒழுங்காக வருகிறது. புதிய பதிப்பு மட்டும் தானாக வராது, ஐஎஸ்ஓ (முழு விண்டோஸும் அடங்கிய கோப்பு) இறக்கி நானே ஏற்றுகிறேன். அலுவலகக் கணக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் இதைச் செய்யமாட்டேன்.