ஓய்வு கேட்காத ஆளா அவர்?

கேள்வி: 1984-இல் தென்கொரிய பேஸ்பால் வீரர் சோய் தோங்-வோன் ஒரே இறுதித் தொடரில் நான்கு ஆட்டங்களை வென்று கொடுத்ததாகப் படித்தேன். இன்றைய வீரர்களோ பணிச்சுமை என்கிறார்கள், ஓய்வு கேட்கிறார்கள், போதாததற்குச் சங்கம் வேறு வைக்கிறார்கள். அந்த அர்ப்பணிப்பு எங்கே போயிற்று?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: உதாரணத்துக்கு ஆள் பிடித்ததில் கொஞ்சம் சறுக்கிவிட்டீர்கள். கொரிய பேஸ்பால் வீரர்களுக்குச் சங்கம் வேண்டும் என்று 1988-இல் கிளம்பியவர்களுக்குத் தலைவரே இந்த சோய்தான்.

சரி, நீங்கள் வியந்த கதைக்கே முதலில் வருவோம். வியக்க வேண்டிய கதைதான். அந்த ஆண்டு பருவத்தின் முதல் பாதியை வென்று இறுதித் தொடருக்குள் நுழைந்துவிட்ட சாம்சங் லயன்ஸ், எதிரியையும் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டது. இரண்டாம் பாதியை வென்று எதிரே வருவது ஓபி பேர்ஸ் என்றால் சிக்கல், பூசான் நகரத்து லோட்டே ஜயன்ட்ஸ் வந்தால் லேசாக முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, கடைசி ஆட்டங்களில் ஊரே பார்க்க லோட்டேயிடம் வேண்டுமென்றே தோற்றது. அந்தக் கணக்கில் விடுபட்டுப்போனது ஒரே ஒரு வலது கை: லோட்டேயின் பிட்சர், அதாவது பந்து எறிபவர், சோயின் கை.

லோட்டேயின் பயிற்சியாளர் காங் பியோங்-சோல் வகுத்த திட்டம் எளிமையானது: நான்கை வென்றால் கோப்பை என்ற ஏழு ஆட்டத் தொடரில் 1, 3, 5, 7 ஆகிய ஆட்டங்களில் சோய் எறிய வேண்டும். இது அதிகம் என்று சோய் சொல்லிப் பார்த்தார். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், வேறு என்ன செய்வது என்றார் காங். சரி, எறிந்து பார்ப்போம் என்று பூசான் பேச்சுவழக்கில் சோய் சொன்ன பதில் அங்கே இன்றும் பிரசித்தம். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஒரு நாள் எறிந்தால் அப்புறம் நான்கைந்து நாள் தோளுக்கு ஓய்வு தருவதுதான் இன்றைய நடைமுறை. இவர் செப்டம்பர் 30 முதல் அக்டோபர் 9 வரை, பத்தே நாளில் ஐந்து ஆட்டங்களில் 40 இன்னிங்ஸ் (பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக ஒன்பது) எறிந்தார். முதல் ஆட்டத்தில் எதிரணியை ஒரு ரன்கூட எடுக்க விடவில்லை. மூன்றாவதில் வெற்றி. ஐந்தாவதில் முழு ஆட்டமும் எறிந்து தோற்றார். திட்டத்திலேயே இல்லாத ஆறாவது ஆட்டத்தில் நடுவில் இறங்கி அதையும் வென்றார். ஏழாவதில் லோட்டே 3-4 என்று பின்தங்கியிருந்தபோது, தொடர் முழுக்க மட்டை பேசாமலிருந்த யூ தூ-யோல் எட்டாவது இன்னிங்ஸில் ஒரே அடியில் மூன்று ரன் தரும் ஹோம் ரன் அடிக்க, மிச்சத்தை சோய் எறிந்து முடித்தார். 6-4. தொடர் நாயகன் விருது யூவுக்குப் போனது! பருவத்தின் சிறந்த வீரர் விருது சோய்க்கு. அந்தப் பருவத்தில் 27 வெற்றி, 223 ஸ்ட்ரைக் அவுட் (மட்டையாளர் பந்தை அடிக்க முடியாமலே ஆட்டமிழப்பது). அந்த 223-ஐத் தாண்ட 2021 வரை ஆள் வரவில்லை.

வென்ற பிறகு அவர் என்ன கேட்டார் தெரியுமா? தூங்க வேண்டும் என்றார். ஓய்வு கேட்பதைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதனால் சொல்கிறேன்.

அந்தத் தோள் அதற்குப் பின்னும் சும்மா இருக்கவில்லை. 1987 மே 16 அன்று இன்னொரு ஜாம்பவான் சன் தோங்-யோலும் இவரும் 15 இன்னிங்ஸ் எதிரெதிராக எறிந்து 2-2 என்று சமனில் முடித்தார்கள். சோய் எறிந்தது 209 பந்து, சன் 232. அடுத்த ஆண்டு சோயின் வெற்றிகள் ஏழாகச் சுருங்கின.

1988 ஆகஸ்டில் ஹைத்தாய் அணியின் பிட்சர் ஒருவர் சாலை விபத்தில் இறந்துபோனார். இப்படி ஒன்று நடந்தால் வீரரின் குடும்பத்துக்குக் கைகொடுக்க வீரர்களுக்கென்று ஓர் அமைப்பு இல்லை. இரண்டாம் அணி வீரர்களின் சம்பளமோ சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கொரியாவில் அதிகச் சம்பளம் வாங்கியவர்களில் ஒருவரான சோய்க்கு இதில் சொந்த லாபம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் தலைமை ஏற்றார். சங்கத்தில் முன்னால் நிற்பவர்களுடன் ஒப்பந்தமே போடமாட்டோம் என்று அணி நிர்வாகங்கள் கைகோத்துக்கொண்டன. சங்கம் பிறக்கும்போதே முடிந்தது. நவம்பரில் லோட்டே தன் நாயகனை விற்றது. யாரிடம்? அதே சாம்சங்கிடம், அவர்களுடைய முன்னணி பிட்சர் கிம் சி-ஜினை மாற்றாக வாங்கிக்கொண்டு. (ஸ்ரீபெரும்புதூரில் 2024-இல் சங்கத்தை அங்கீகரிக்கச் சொல்லித் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்களே, அதே குழுமத்தின் அணிதான். லோட்டேயையும் உங்களுக்குத் தெரியும்; நம் பாரீஸ் மிட்டாய் கம்பெனியை வாங்கியவர்கள்.)

லோட்டேயில் 96 வெற்றி, சாம்சங்கில் வெறும் ஏழு. 1990-ஓடு ஆட்டம் முடிந்தது. அடுத்த ஆண்டு பூசான் மாநகர மன்றத் தேர்தலில், அந்த ஊரில் செல்வாக்கோடு இருந்த ஆளும் கட்சியை எதிர்த்து நின்று தோற்றார். அந்தப் பிடிவாதத்தையும் நீங்கள் அர்ப்பணிப்புக் கணக்கில் சேர்ப்பீர்களா என்று தெரியவில்லை. அவர் ஆரம்பித்த வேலையை 2000-இல் சோங் ஜின்-வூவும் மற்றவர்களும் முடித்து, வீரர் சங்கம் நிஜமாகவே அமைந்தது. பணிச்சுமை, ஓய்வு என்று இன்றைக்கு ஒரு கொரிய வீரர் தைரியமாக வாய் திறந்தால், அதில் சோய்க்கும் பங்கு உண்டு.

பின்னாளில் ஹன்வா அணியில் பயிற்சியாளராக இருந்தார். லோட்டே சீருடையில் ஒரு பயிற்சியாளர் வேலைகூட அவருக்குக் கடைசிவரை அமையவில்லை. 2011 செப்டம்பர் 14 அன்று, 53 வயதில், பெருங்குடல் புற்றுநோயில் இறந்தார். பதினாறு நாள் கழித்து, அவருடைய 11-ஆம் எண்ணை இனி யாரும் அணியக் கூடாது என்று லோட்டே விழா எடுத்தது. அது செப்டம்பர் 30. 1984 தொடரின் முதல் ஆட்டம் நடந்த தேதி.