அந்த நோட்டை எடுத்துக்கிட்டு வா, கண்ணு!

(ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி)

கேள்வி: ஈராசிரியர் பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. ஒன்று முதல் மூன்று வகுப்புகள் என் பொறுப்பு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கடன் வாங்கிக் கழித்தல் வரவே மாட்டேன் என்கிறது. யாரிடமாவது கேட்டால், "டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) பாஸ் பண்ணிட்டு வந்தவங்களுக்கு இதுகூடத் தெரியாதா?" என்று நினைப்பார்களோ என்று பயம். ஹெச்.எம். நல்லவர்தான். ஆனால் "போகப் போகச் சரியாகிடும்மா" என்பதோடு முடித்துக்கொள்கிறார்.
– பெயர் வேண்டாம், பென்னாகரம்

பதில்: கண்ணு, என் காலத்தில் டெட் கிடையாது, ஆனால் இந்தப் பயம் இருந்தது. 1986இல் எனக்கு முதல் வேலை தாளவாடி மலையில். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி நாள் வாந்தி எடுத்துக்கொண்டேதான் போய்ச் சேருவேன். இரண்டாம் வகுப்பில் என்ன கேட்டாலும் பிள்ளைகள் "கொத்தில்ல, கொத்தில்ல" என்றார்கள். எந்தக் கொத்து இல்லை என்று நான் விழித்தேன். திமிர் என்று நினைத்து இரண்டு பேரை வெளியே நிற்கவும் வைத்தேன். இன்றும் உறுத்துகிறது. மூத்த ஆசிரியரிடம் சொன்னதற்கு, "ஒரு வருஷம் போனா தானா வந்துடும்" என்றார்.

விஷயத்தை உடைத்தது சத்துணவு சமைத்த அம்மா. "டீச்சர், அதுங்க கன்னடம் பேசுதுங்க. தெரியலைன்னு சொல்லுதுங்க" என்றார். எனக்கு அமைந்த முதல் வழிகாட்டி அவர்தான். அவரிடம் கேட்க எனக்குப் பயமில்லாமல் இருந்தது, அதுதான் காரணம்.

சரி, உன் கழித்தலுக்கு வருவோம். "பிள்ளைகளுக்குக் கணக்கு வரலை" என்று பேச்சை ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் உன்னை எடைபோடத் தொடங்கிவிடுவார். ஒரு பிள்ளையின் நோட்டை எடுத்துப் போய், "சார், இவன் ஏன் இப்படிப் போட்டிருக்கான்?" என்று கேட்டுப் பார். இரண்டு பேரும் சேர்ந்து அந்த நோட்டைத்தான் பார்ப்பீர்கள்.

42இலிருந்து 17ஐக் கழித்து 35 என்று எழுதியிருக்கிறானா? அது கவனக்குறைவு இல்லை. ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து, நாலிலிருந்து ஒன்று போனால் மூன்று. "பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்கணும்" என்று கீழ் வகுப்பில் சொல்லிக்கொடுத்தோமே, அதை அப்படியே கடைப்பிடித்திருக்கிறான், பாவம். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டு. நாலு கட்டும் இரண்டு உதிரியும் கொடுத்து, "பதினேழு குச்சி எனக்குக் கொடு" என்று கேள். ஏழு உதிரிக்கு அவன் எங்கே போவான்? ஒரு கட்டைப் பிரித்தே ஆக வேண்டும். கடன் வாங்குவது என்றால் அதுதான். இதையெல்லாம் உன் ஹெச்.எம். இருபது தடவையாவது பார்த்திருப்பார். நோட்டைக் கண்ணில் காட்டினால் அவருக்கே ஞாபகம் வரும்.

கேள்வி: எனக்கு 28 ஆண்டு அனுபவம். புதிதாக வந்த பட்டதாரி ஆசிரியர் எங்களிடம் எதையும் கேட்பதில்லை. எப்போது பார்த்தாலும் போனும் கையுமாக இருக்கிறார். நாங்களாக வலியப் போய்ச் சொல்ல வேண்டுமா?
– மன்னார்குடி வாசகர்

பதில்: அந்தப் போனில் யாருடைய எமிஸ் வேலை (பள்ளி, மாணவர் விவரங்களை அரசு இணையதளத்தில் ஏற்றும் வேலை) நடக்கிறது என்று முதலில் விசாரியுங்கள் சார். உங்களுடையதாகவும் இருக்கலாம்!

சொல்லப் போக வேண்டாம், கேட்கப் போங்கள். "நாளைக்கு என் எட்டாம் வகுப்பில் வந்து உட்காருங்க தம்பி. கடைசி வரிசைப் பிள்ளைகள் என்ன செய்யறாங்கன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்று கூப்பிடுங்கள். சரியாக அமையாத பாடமாக இருந்தால் இன்னும் நல்லது. இத்தனை வருஷம் ஆனவருக்கும் பாடம் சொதப்பும் என்று தெரிந்தால்தான் அவர் தன் சொதப்பலைப் பற்றி வாய் திறப்பார்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அவருக்குக் கொடுத்திருப்பது எந்தப் பிரிவு? யாருக்கும் வேண்டாத பிரிவு, ஆண்டு விழாப் பொறுப்பு, காலாடும் நாற்காலி, இதுதானே நம் வழக்கம்? இங்கிலாந்தில் 2021 செப்டம்பரிலிருந்து புதிய ஆசிரியருக்கு இரண்டு ஆண்டு வழிகாட்டி உண்டு. முதல் ஆண்டில் 10 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 5 சதவீதம் பாடவேளையும் குறைவு. நம் ஈராசிரியர் பள்ளியில் அப்படிக் குறைத்தால் அந்த நேரம் வகுப்பை யார் பார்ப்பது? ஆனால் உங்கள் பள்ளி பெரியது போலிருக்கிறது. ஹெச்.எம்.மிடம் பேசி வாரத்துக்கு இரண்டு பீரியட் குறைத்துக் கொடுக்கலாமே.

கேள்வி: பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களை ஒன்றுசேர்த்து நடத்தும் குறுவளமையக் கூட்டத்தால் ஏதாவது பயன் உண்டா?
– சலித்துப்போன ஒருவர், சங்ககிரி

பதில்: வீடியோ, வீடியோ, டீ, வீடியோ, கையெழுத்து என்று போனால் டீ மட்டும்தான் பயன். கடைசி நாற்பது நிமிஷத்தை ஆசிரியர் பயிற்றுநரிடம் கேட்டு வாங்குங்கள். ஆளுக்கொரு பிள்ளையின் நோட்டு, நான்கு நான்கு பேராக வட்டம். ஜப்பான் பள்ளிகளில் ஒருவர் பாடம் நடத்த, மற்ற ஆசிரியர்கள் சுற்றி நின்று பிள்ளைகளைக் கவனித்துக் குறிப்பெடுத்து, பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். நெடுங்காலமாக உள்ள பழக்கம். நம்மூரில் பின்வரிசையில் ஒருவர் வந்து நின்றாலே ஆய்வு என்று கை நடுங்குகிறது.

கேள்வி: பி.எட். இரண்டாம் ஆண்டு, கற்பித்தல் பயிற்சிக்கு வந்திருக்கிறேன். யார் லீவு போட்டாலும் அந்த வகுப்புக்கு என்னை அனுப்பிவிடுகிறார்கள். நான் நடத்தும் பாடத்தை இதுவரை ஒருவரும் வந்து பார்க்கவில்லை.
– திண்டிவனம் மாணவி

பதில்: இரண்டு ஆண்டுப் படிப்பாக மாற்றியபோது 16 வாரம் பள்ளியில் இருக்கச் சொன்னது ஆள் பற்றாக்குறையை அடைக்க இல்லை. ஆனால் நீ போய்ச் சட்டம் பேசாதே, பயிற்சிக் குறிப்பேட்டில் கையெழுத்து வேண்டுமே. உன் பாட ஆசிரியை வகுப்பில் போய் உட்காரலாமா என்று கேள். மூன்று நாள் பார்த்துவிட்டு, "நாளைக்கு நான் நடத்தறேன் டீச்சர், பத்து நிமிஷம் வந்து பாருங்க" என்று சொல். ஒரு பீரியட் என்று கேட்டால் வரமாட்டார்கள். பத்து நிமிஷத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் மணி அடிக்கிற வரை எழுந்து போவதில்லை.