கெட்சப் குழாயில் 33 பார் வருவது ஏன்

50 மி.மீ. உள்விட்டம், 30 மீட்டர் நீளம், மணிக்கு 5 கன மீட்டர் தக்காளி கெட்சப். இதற்கு 33 பார் அழுத்த இழப்பு என்று உங்கள் கணக்கில் வந்ததால் பம்ப் வாங்கத் தயங்குகிறீர்கள். மெதுவாகச் சுழன்ற விஸ்கோமீட்டர் (பாகுநிலை அளக்கும் கருவி) காட்டிய 12 பாஸ்கல்-வினாடியை மாறாத பாகுநிலையாக வைத்ததுதான் பிழை. கெட்சப் வேகம் கூடக் கூட இளகும்.

நீங்கள் தந்த பவர்-லா (வேகத்தோடு பாகுநிலை மாறுவதைச் சொல்லும் சூத்திரம்) எண்களே போதும்: கெட்டித்தன்மையைக் காட்டும் கே 12, எவ்வளவு இளகும் என்று காட்டும் என் 0.3. வேகம் 0.71 மீ/வி. அதை 8ஆல் பெருக்கி விட்டத்தால் வகுத்தால் 113. என்-க்கான திருத்தம் 1.58ஐப் பெருக்கினால், குழாய்ச் சுவரில் ஷியர் ரேட் (அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் வேகம்) வினாடிக்கு 179. அதன் 0.3ஆம் அடுக்கு × 12 = 57 பாஸ்கல், இதுவே சுவர்த் தகைவு, அதாவது சுவரில் ஏற்படும் இழுவை. 4 × 57 × 30 ÷ 0.05, அதாவது சுமார் 1.4 பார். ஓட்டம் சீரானதா கொந்தளிப்பா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் 77தான், சீரான ஓட்டம்.

எல்போக்களுக்கு (குழாய் வளைவுகள்) தண்ணீருக்கான இழப்பு அட்டவணையைப் பார்க்காதீர்கள். இந்த ரெனால்ட்ஸ் எண்ணில் ஒவ்வொன்றும் 0.03 பார் அளவுக்குத் தின்னும்.

குழாயை 75 மி.மீ. ஆக்கினால் இழப்பு பாதிக்குச் சற்றுக் கீழேதான் இறங்கும். அந்தப் பணத்தை உறிஞ்சு பக்கத்தில் போடுங்கள்: அங்கே 75 அல்லது 100, முடிந்தவரை குட்டையாக, தொட்டிக்குக் கீழே பம்ப். லோப் பம்ப் (மடல் வடிவச் சுழலிகள் கொண்டது) கெட்சப் போதாமல் பட்டினி கிடப்பது பெரும்பாலும் அங்கேதான்.

இரவு நின்ற குழாயை மறுநாள் நகர்த்தத் தனி அழுத்தம் வேண்டும். தொடக்கத் தகைவு (நின்ற கெட்சப் நகரத் தேவையான குறைந்தபட்சத் தகைவு) 32 பாஸ்கல் என்றால் 0.77 பார். அழுத்தம் மிகும்போது திறந்து காக்கும் ரிலீஃப் வால்வு இல்லாமல் ஓட்டவே வேண்டாம். கே, என் இரண்டையும் ஓடும் வெப்பநிலையில், 50 முதல் 300 வரையான ஷியர் ரேட்டில் அளந்து வாங்குங்கள்.