கல்யாண வீடியோ திக்குகிறது, எதை மாற்றுவது?

கேள்வி: காரைக்குடியில் கல்யாண வீடியோ எடுக்கிறேன் சார். போன ஆவணி வரை ஃபுல் எச்டியில் எடுத்து எடிட் செய்ததில் ஒரு தொந்தரவும் இல்லை. தை மாதம் புது கேமரா வாங்கி 4கே-வுக்கு மாறினேன். அன்றிலிருந்து பிரீமியர் புரோவில் டைம்லைனைத் தொட்டாலே திக்குகிறது, நாதஸ்வரம் பாட்டுக்கு ஓடுகிறது, மாப்பிள்ளை கையைத் தூக்கியபடி நிற்கிறார். கம்ப்யூட்டர் இன்டெல் ஐ7 எட்டாம் தலைமுறை, 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1660 கிராபிக்ஸ் கார்டு, ஃபுட்டேஜ் எல்லாம் ஹார்டு டிஸ்க்கில். கடையில் ஆர்டிஎக்ஸ் 4060 போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். போடலாமா? மாதிரிக்கு ஒரு கிளிப் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: போடாதீர்கள் தம்பி, அந்தக் காசை அப்படியே வைத்திருங்கள். கிளிப்பைத் திறந்து பார்த்தேன். எச்.265 (வீடியோவைச் சுருக்கி வைக்கும் முறை), 4:2:2 (நிறத் தகவலை எவ்வளவு எழுதி வைப்பது என்ற கணக்கு), 10 பிட், 200 எம்பிபிஎஸ் (நொடிக்கு 200 மெகாபிட்). கோளாறு அந்த 4:2:2-வில்தான் இருக்கிறது. எச்.265-இல் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படமாக இருக்காது, முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் எழுதி வைத்திருக்கும், அதனால் நீங்கள் டைம்லைனில் ஒரு இடத்தில் குத்தினால் கம்ப்யூட்டர் பின்னால் போய் முழுப் படத்தைத் தேடி, அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டே வர வேண்டும். இதைச் செய்ய சிப்புக்குள் தனியாக ஒரு பகுதி உண்டு. ஆனால் உங்கள் 1660-இல் உள்ளதற்கு 4:2:2 தெரியாது. 4060-க்கும் தெரியாது! என்விடியாவில் 50 வரிசை கார்டுகளில்தான் அது வந்தது. எட்டாம் தலைமுறை இன்டெல்லிலும் இல்லை. ஆக மொத்த பாரமும் ப்ராசஸர் தலையில்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். டைம்லைனை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கம் போங்கள். 'வீடியோ டிகோட்' என்ற கட்டத்தில் கோடு தரையோடு தரையாகக் கிடக்கும், சிபியு மட்டும் உச்சியில் நிற்கும்.

காசில்லாத வழி இரண்டு இருக்கிறது. கேமரா மெனுவில் 4:2:0 10 பிட் இருந்தால் அடுத்த கல்யாணத்தை அதில் எடுங்கள், உங்கள் பழைய கார்டே அதைப் பிரித்துவிடும். நிறத் தகவல் பாதியாகும், உண்மைதான். அரக்குப் பட்டின் ஜரிகை ஓரத்தை 200 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் நமக்குத் தெரியலாம், பெண் வீட்டாருக்குத் தெரியாது. பச்சைத் திரை வேலையோ, நிறத்தைக் கண்டபடி இழுக்கும் வேலையோ செய்கிறவர்கள்தான் 4:2:2-வை விடக்கூடாது. ஏற்கெனவே எடுத்ததற்கு ப்ராக்ஸி போடுங்கள். கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக், ப்ராக்ஸி, கிரியேட் ப்ராக்ஸீஸ். இரவு தட்டிவிட்டுப் படுத்தால் காலையில் சின்னச் சின்ன நகல்கள் தயாராக இருக்கும், எடிட் அதில் ஓடும், எக்ஸ்போர்ட் மட்டும் அசலிலிருந்து போகும்.

கொஞ்சம் செலவு செய்யலாம் என்றால் முதல் செலவு எஸ்எஸ்டிதான். 200 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 90 ஜிபி. முகப்பில் ஒரு கேமரா, வளவில் ஒரு கேமரா, மூன்று மூன்று மணி நேரம் என்றால் 540 ஜிபி. இரண்டு கேமராவையும் ஒன்றாக ஓட்டும்போது ஹார்டு டிஸ்க்கின் முள் இரண்டு கோப்புக்கும் நடுவே அலைந்தே களைத்துப்போகும். கையிலிருக்கும் வேலைக்கு எஸ்எஸ்டி, டெலிவரி கொடுத்து முடித்ததும் ஹார்டு டிஸ்க். கூடவே ராமை 32 ஆக்குங்கள், ஒரே அளவில் ஜோடியாக.

புது மெஷினே வாங்குவதாக இருந்தால் 12-ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட இன்டெல், ஆனால் பெயரின் கடைசியில் 'எஃப்' இல்லாதது. எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, எச்.265 4:2:2-வைப் பிரிக்கும் பகுதியும் அதோடு போச்சு. எனக்கு ஒரு கடையில் கேட்காமலேயே எஃப் மாடலைப் போட்டுக் கொடுத்தார்கள், "அதான் தனி கார்டு இருக்குல்ல" என்று. பில்லைப் படிக்காமல் பணம் கொடுத்தது என் தப்பு.

கேள்வி: தேவகோட்டையில் இருக்கிறேன். கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம் என்று நான் செய்வதைப் பேரன் போனில் எடுத்து யூடியூபில் போடுகிறான். போகப் போக நான் பேசுவது ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் என்று ஆகிவிடுகிறது. கேமிங் லேப்டாப் வாங்கினால் சரியாகும் என்கிறான். நிஜமா?

பதில்: பேரனுக்கு லேப்டாப் வேறு எதற்கோ வேண்டியிருக்கிறது ஆச்சி. போன் வீடியோ ஒரே சீராக நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்காது, வெளிச்சம் குறைந்தால் அதுவும் குறையும். சில எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு அந்தக் கணக்கு குழம்பி, சத்தம் தனியாக நகர்ந்துவிடும். ஹேண்ட்பிரேக் என்று இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது, அதில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்' வைத்து ஒரு தடவை மாற்றிவிட்டு எடிட் செய்யச் சொல்லுங்கள். இப்போதைக்கு அது போதும்.

கேள்வி: முதல் அரை மணி நேரம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் எக்ஸ்போர்ட் ஊர்கிறது. வைரஸா? (பள்ளத்தூர் வாசகர்)

பதில்: சூடு. இன்டெல் ப்ராசஸர்கள் பலவும் 100 டிகிரியைத் தொட்டதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் அனுப்பிய படத்தில் கேபினெட் மர பீரோவுக்குள் இருக்கிறது, பின்பக்கம் சுவரை ஒட்டி. சித்திரை வெயிலில் அது அடுப்புதான். வெளியே எடுத்து, பின்னால் ஒரு சாண் இடம் விட்டு வையுங்கள். பக்கத் தகட்டைக் கழற்றி ப்ளோயரால் ஊதுங்கள், ஊதும்போது ஃபேன் சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ப்ராசஸர் மேல் உள்ள, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி இருந்தால் துடைத்துவிட்டுப் புதிதாக வைக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் ஊர்ந்தால் எழுதுங்கள், வைரஸைப் பார்ப்போம்.